ஏலக்காய் வாசம் அடித்த பீர்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை, அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் உணவகம் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனான். நீளமான மரப்பலகையில் ஆறு குழி. ஆறு குழியிலும் ஆறு சின்னக் கண்ணாடிக் குவளைகள். வெளிர் மஞ்சளில் ஆரம்பித்துத் தார் நிறத்தில் முடிந்தன. பரிமாறியவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிவிட்டுக் கிளம்பியபோது, "ஃபார்ம் எங்கே?" என்று கேட்டேன். அவர் பில் என்று நினைத்துக்கொண்டு, "சாப்பிட்டு முடிங்க சார்" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றின் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து நரைத்தவன் நான். ஆறு மாதிரிகளை ஒருவன் முன்னால் வைத்துவிட்டு, அளவுகளைப் பதிவு செய்ய ஒரு தாள்கூடத் தராமல் போவது என் வழக்கத்தில் அநாகரிகம். திரும்பி வரும் ரயிலில் நானே ஒரு படிவம் வரைந்தேன். நிறம், நுரை, வாசனை, சுவை, விழுங்கிய பிறகு நாக்கில் நிற்பது என ஐந்து கட்டங்கள். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒரு சோதகரின் அளவு அளவே அல்ல என்பது எங்கள் பிரிவின் முதல் பாடம். இரண்டாவது ஆள் தனியாக அளந்து, தனியாக எழுதி, அதன் பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. என் பிரிவில் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவர், பூந்தமல்லிக்காரர். என் மனைவியைத் தங்கச்சி என்பார், அந்த உரிமையில் என்னை மச்சான் என்பார். அதற்கு முந்தைய வருடம் அவர் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. போன் செய்தால் "கீறேன் மச்சான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அலுவலகக் கடிதங்களில் இரங்கல் தெரிவிக்க ஒரு வாசகம் உண்டு. அதை முதல் வாரத்திலேயே சொல்லித் தீர்த்துவிட்டேன். இரண்டாம் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் என்ன சொல்வதென்று எந்தக் கையேட்டிலும் இல்லை. அதனால், "எனக்கு ஒரு செகண்ட் சிக்னேச்சர் வேணும், சனிக்கிழமை வா" என்றேன். வந்தார். அதுவரை அந்த மனிதரை வீட்டை விட்டு வெளியே வரவைக்க யாராலும் முடிந்திருக்கவில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் பாட்டில் கொண்டுவருவதற்கான விதிகளை மூன்று நாள் படித்துப் பார்த்தேன். படித்து முடித்ததும் ஆசை விட்டுப்போயிற்று. நகரத்து மால் ஒன்றில், அரசு கண்ணாடிக் கதவு போட்டு நடத்தும் கடையில், மற்றவர்கள் சீண்டாத கீழ் அடுக்கில் சில வகைகள் கிடைத்தன. கோதுமையில் காய்ச்சியது, ஆரஞ்சுத் தோல் போட்டது, வறுத்த தானியத்தில் காய்ச்சிய கறுப்பு. பில்லோடு வாங்கிவந்து குளிர்சாதனப் பெட்டியில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

நேரம் காலை பதினொரு மணி. வயிறு பாதி காலியாக, மூக்கு கூர்மையாக இருக்கும் நேரம். அன்று வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, காபி கூடாது. எது எந்த பீர் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதால் என் மனைவி சமையலறையில் ஊற்றி, குவளையில் எண் மட்டும் ஒட்டிக் கொண்டுவருவாள். அவள் எங்கள் திருச்சபையின் பெண்கள் சங்கத்தில் பொருளாளர். முதல் சனிக்கிழமையே தன் நிலையைத் தெளிவுபடுத்திவிட்டாள்.

"நியாயத்தீர்ப்பு நாள்ல கேட்டா, நான் ஊத்த மட்டும்தான் செஞ்சேன், குடிச்சது இவங்க ரெண்டு பேருந்தான்னு சொல்லிருவேன்."

"தங்கச்சி அப்ரூவர் ஆயிட்ச்சி மச்சான்" என்றார் நண்பர். தன் மனைவி இறந்த பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் எங்கள் தாள்கள் இரண்டும் ஒத்தே போகாது. நான் வாசனைக் கட்டத்தில் "வாழைப்பழம், மிதம்" என்று எழுதியிருப்பேன். அவர் அதே பீருக்கு, "கல்யாண ஊட்ல பந்தி முடிஞ்சி எலை எட்த்த எடம்" என்று எழுதியிருப்பார். கறுப்பு பீருக்கு நான் "காபி, கருகல்". அவர், "லேத்து ஓட்டிக்கினு இருக்கும்போது பக்கத்துல எவனோ டீ குட்சது".

"இதெல்லாம் ஒரு அளவா?" என்பேன்.

"மோந்து பாரு. அப்பறம் பேசு."

முகர்ந்து பார்ப்பேன். அவர் சொன்னது அங்கே இருக்கும். எண்ணெயும் டீயும். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தத் தாள்களை எல்லாம் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், இருவர் தாளும் ஒத்துப்போக ஆரம்பித்தன. நான் "வாழைப்பழம்" என்றால் அவரும் வாழைப்பழம். நான் "ஆரஞ்சுத் தோல், லேசாகக் கொத்தமல்லி விதை" என்றால் அவரும் அதே வரிசையில் அதையே எழுதினார். இலையும் பந்தியும் காணாமல் போயின. நான் மகிழ்ந்துபோனேன். இரண்டு கருவிகள் ஒரே அளவைக் காட்டத் தொடங்கினால் சோதகனுக்கு வரும் மகிழ்ச்சி அது. "இப்பதான்பா நீ ஒழுங்கா எழுதுறே" என்று பாராட்டவும் செய்தேன். அவர் சிரித்தார்.

அந்த நாட்களில் ஒருநாள், பால் கருகிய கதையை அவர் சொன்னார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தாராம். "பக்கத்து ஊட்டம்மா வந்து கதவ ஒடைக்காத கொற. ஊடு பூரா பொகை. நான் இன்னாடா பனி மூட்டமா கீதேன்னு பாத்துக்கினு கீறேன்." நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அதை அப்போது நான் கவனத்தில் கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை புதிய மாதிரி ஒன்று. வெளிர் நிறம், நல்ல நுரை. முகர்ந்தேன். தெளிவாக ஏலக்காய். இப்படி ஒன்றை அதுவரை கண்டதில்லை என்பதால், "ஏலக்காய், தூக்கலாக" என்று அடிக்கோடிட்டு எழுதினேன். தாள்களை மாற்றிக்கொண்டோம். அவருடையதிலும் "ஏலக்காய், தூக்கல்".

"பார்த்தியா, ரெண்டு பேருக்கும் ஒரே ரீடிங்" என்றேன்.

"ஆமா மச்சான். கும்முனு கீது."

காலிக் குவளைகளை எடுக்க வந்த மனைவி, "ஏலக்காயா? அதுல எங்க ஏலக்காய் வந்துச்சு?" என்றாள். பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். ஒட்டியிருந்த காகிதத்தில் பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். பிறகு என் கையைப் பார்த்தாள். "காலைல பாயசத்துக்கு நீங்கதான இடிச்சுக் குடுத்தீங்க. கை கழுவுனீங்களா?"

விரல்களை மூக்கருகே கொண்டுபோனேன். ஏலக்காய். வாசனை சோப்பைத் தடை செய்த அதிகாரி ஏலக்காய்க் கையோடு குவளையைத் தூக்கியிருக்கிறேன். என் பணிக்காலத்தில் இந்தத் தவறுக்கு இன்னொருவனுக்கு மெமோ கொடுத்திருப்பேன். என்னைப் பார்த்து நானே சிரிக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோனேன். வாசம் இருந்தது என் விரலில். அவர் குவளையில் ஏலக்காய் இருந்திருக்க வழியே இல்லை.

அவர் தாளை நேராக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் பிரிவில் எதிர் மேஜைக்காரனின் பதிவேட்டைத் தலைகீழாகப் படிக்கத் தெரியாதவன் கிடையாது. அதே வித்தையில்தான் அவர் என் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார். அன்று இருவரும் பாயசம் சாப்பிட்டோம், பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன், மெட்ரோவுக்காகத் தோண்டிய ரோடு பற்றிப் பேசினோம். கேட்க வாய் வரவில்லை. பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"அண்ணனுக்கு மூக்கு போயிருச்சுங்க. பால் கதை சொன்னப்பவே எனக்குத் தோணிச்சு."

"அவனே சொல்லட்டும். சங்கடப்படுவான்."

"தனியா இருக்காரு. கேஸ் அடுப்பு. சங்கடமா முக்கியம்?"

திங்கட்கிழமை காலை, எரிவாயு கசிந்தால் அலறும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு இருவரும் பூந்தமல்லிக்குப் போனோம்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒர்க்‌ஷாப்புகள் இருக்கும் தெருவில் மாடி வீடு. கதவைத் திறந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா மச்சான், இன்ஸ்பெக்‌ஷனா?"

"ஆமா" என்றேன். சமையலறைக்குப் போய் ஆணி அடிக்க ஆரம்பித்தேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் இந்தக் கருவியைக் கீழேதான் பொருத்த வேண்டும். நிறையப் பேர் மேலே மாட்டிவைக்கிறார்கள். அதை அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் சமையலறை வாசலில் நின்று முழுவதையும் கேட்டார்.

"எப்போ தெரிஞ்சிது?"

"ஏலக்காய். அது என் கையில இருந்த வாசம்."

அவர் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். "நெனச்சேன். தங்கச்சி பாட்டில எட்த்துக்கினு வரும்போதே மாட்டிக்கினேன்னு தெரிஞ்சி போச்சி."

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா? அளக்கிற கேஜு தேஞ்சுபோனா நீ இன்னா பண்ணுவ? ஸ்கிராப்பு. நானே எத்தினி தபா பாத்துகீறேன். அப்பறம் சனிக்கெழம நான் எங்க போவேன்?"

சுத்தியலைக் கீழே வைத்தேன். இப்படி ஒரு பயத்தை இந்த மனிதருக்குக் கொடுக்கும்படியாக நான் வாழ்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. "நிறமும் நுரையும் கண்ணால பார்க்கிறது. உன் கண்ணு என் கண்ணைவிட நல்லது. அந்த ரெண்டு கட்டம் உனக்கு. வாசனைக் கட்டம் உன் தங்கச்சிக்கு" என்றேன்.

"மோந்துதான் பார்ப்பேன். வாயில வைக்க மாட்டேன்" என்றாள் மனைவி, கறாராக.

அவர் தலையாட்டினார். ஆனால் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு படுக்கையறைக்குப் போய், பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த புடவை ஒன்றை எடுத்துவந்தார். ஊதாவில் சின்னச் சின்னப் பூ. சாதாரண நைலக்ஸ்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு கட்டிக்கினு இருந்தா. தோய்க்கல. தெனம் காலைல எட்த்து மோந்து பாப்பேன். சிரிக்காத."

"சிரிக்கல."

"நடுவுல எனக்கு ஒரு சொரம் வந்துச்சி, அதுக்கப்பறம் ஒரு நாளு மோந்து பாத்தா ஒன்னுமே இல்ல. சேலைலருந்து போயிட்ச்சின்னு நெனச்சேன். ரெண்டு நாளு சோறு எறங்கல மச்சான். அந்த சனிக்கெழம உன் ஊட்டுக்கு வந்தேன். தங்கச்சி அந்தக் கறுப்பு பீர ஊத்திக் குட்த்துச்சி. கிளாஸுல மூக்க வுடறேன், பச்சத் தண்ணி." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்பதான் புரிஞ்சிது. போனது சேலைல இல்ல, என் மூக்குல. அன்னிக்கு எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா?"

மூக்கு போனதற்கு மகிழ்ந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். புடவையை என்னிடம் நீட்டினார்.

"இத்தினி நாளா யாராண்டயும் கேக்கல. கேட்டு, இல்லன்னு சொல்ட்டா? நீ பொய் எழுத மாட்ட. அவ வாசம் இன்னும் கீதான்னு பாரு."

பொய் எழுதியதில்லை என்பது உண்மை. புடவையைக் கையில் வாங்கும்போதே, எழுதவேண்டி வந்தால் எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். முகர்ந்தேன். வந்தது ஒன்றுதான். பொய் சொல்ல முடிவெடுத்த வாய், பழக்கத்தில், உண்மையையே சொல்லிவிட்டது.

"அந்துருண்டை."

"நாந்தான் போட்டேன். பூச்சி அரிச்சிரும்னு" என்றார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "வேற?"

மனைவி என் கையிலிருந்து புடவையை வாங்கி, ஜன்னல் பக்கம் போய், மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே போய், தோளும் கழுத்தும் படும் இடத்தைக் கண்டுபிடித்து, முகத்தை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. "இங்க பாருங்க" என்று என்னிடம் கொடுத்தாள்.

கொஞ்சமாக இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தேன். முதலில் அந்துருண்டை. அது விலகியதும், அதற்கு அடியில், பழைய தேங்காய் எண்ணெய். வெறும் எண்ணெய் இல்லை. எதையோ போட்டுக் காய்ச்சியது.

"தேங்கா எண்ணெய். அதுல கருவேப்பிலை" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். அவர் மனைவி தலைக்கு என்ன தேய்ப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

"கருவேப்பிலதான். அவளே காச்சுவா. கருக வுட்டுருவா."

"கருகல் இருக்கு."

"கீதா?"

"இருக்கு. பவுடரும் இருக்கு, கொஞ்சமா."

"கொஞ்சமாத்தான் போடுவா" என்றார்.

மனைவி உறையைக் கவிழ்த்து அந்துருண்டைகளைத் தனியே எடுத்தாள். நான் புடவையை மடிக்கத் தொடங்கியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தபா மச்சான். மொதல்லருந்து. நிதானமா சொல்லு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி முகர்ந்து, மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன்.