எண்பது வயதில் ஒரு வால்வு

சுரக்குடி நீலமேகத்துக்கு வயது எண்பதை நெருங்குகிறது. பிடிவாதம் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. வயலுக்கு மடை திறக்கப் போனவர் கண் இருண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட, மகன் சிவநாதன் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இதய வால்வு சுருங்கி, ரத்தம் வெளியேற வழியில்லாமல் திணறுகிறது என்றார் டாக்டரம்மா. இந்த வயசுக்கும், பழுதான நுரையீரலுக்கும் நெஞ்சைப் பிளப்பது ஆபத்து. தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் புது வால்வைப் பொருத்திவிடலாம், தள்ளிப்போடாதீங்க என்றார். சொன்னதெல்லாம் சிவநாதனிடம்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நீலமேகத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் சிவநாதன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு திருநள்ளாற்றுக்கு ஓடினான். சனிப்பெயர்ச்சி முடியும்வரை உடம்பில் கத்தி படக் கூடாது என்றார் ஜோசியர். இவனும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அடுத்த வருஷம் வருகிறோம் என்று சொல்லிவிட்டான். ஆண்டு அனுபவித்த மனுஷன், இனிமேல் எதுக்கு வம்பு என்று சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். படுத்தால் மூச்சு முட்டுவது என்னவோ அவருக்குத்தான்.

"தொடை வழியாத்தானடா போறாங்க. இதுல கத்தி எங்கேருந்து வந்துச்சு?" என்றார் நீலமேகம்.

சிவநாதனுக்கு முகம் மலர்ந்தது. மறுபடியும் ஜோசியரிடம் போய், குழாய் கத்திக் கணக்கில் சேருமா என்று கேட்டுவந்தான். சேராதாம். வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமையும் குறித்துக் கொடுத்திருந்தார்.

நீலமேகத்துக்கு அப்போதுதான் சுர்ரென்று ஏறியது. "நான் பொழைக்கலாமான்னு அவர்ட்ட உத்தரவு வாங்கிட்டு வந்தியா? நாளைக்கே கெளம்பணும். காருக்குச் சொல்லு."

"நாளைக்குச் சனிக்கெழமைப்பா."

"இருக்கட்டும். சனீஸ்வரன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரரு. என்னை அவருக்குத் தெரியும்."

சனிக்கிழமைக் கூட்டத்தில் திருநள்ளாற்றைத் தாண்டும்வரை கார் ஊர்ந்தது. மூச்சு வாங்கியபோதும் அவர் திரும்பச் சொல்லவில்லை.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று டாக்டரம்மா போன தடவை போலவே சிவநாதனைப் பார்த்துக் கேட்டார்.

"என்னைக் கேளுங்கம்மா. பழுதானது என் நெஞ்சு."

டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். இந்த வழியிலும் ஆபத்து உண்டு. ரத்தக்கசிவு வரலாம், பக்கவாதம் வரலாம், பேஸ்மேக்கர் வைக்க வேண்டியும் வரலாம். நீலமேகம் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"பயமாத்தான் இருக்கு. ஆண்டு அனுபவிச்சாச்சுன்னு ஊரே சொல்லுது. நான் சொல்லலியே. இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்னு ஆசையா இருக்கும்மா. வால்வை வச்சுவிடுங்க."