மலைக்குளிரில் அரித்த கால்கள்

கால் அரிக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். என்னை அனுப்பினார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்த வருடங்களில் ஒன்று அது. எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். இருபத்தொரு வயது.

எங்களுக்குத் தியாகதுருகம் பக்கம் ஒரு கிராமம். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம், வெயிலிலேயே வளர்ந்த உடம்பு. என் வீட்டுக்காரருக்குக் கல்வராயன் மலையில் வாத்தியார் வேலை. அதுவும் இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், ஓடு போட்ட ஒற்றை அறை வீட்டில் குடித்தனம் வைத்தோம். கார்த்திகை பாதியில் ஒருநாள் காலையில் எழுந்து கொட்டாவி விட்டேன். வாயிலிருந்து புகை வந்தது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன். குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மார்கழி பிறந்ததும் அரிப்பு வந்தது. முழங்காலுக்குக் கீழே, இரண்டு கால்களிலும். பொழுது சாய்ந்தால் போதும், ஆரம்பித்துவிடும். சீப்பால் சொறிந்தேன். துடைப்பக்குச்சியால் சொறிந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கதவு நிலையில் மாடு மாதிரி உரசிக்கொண்டு நின்றிருக்கிறேன். சொறிகிறவரை சொர்க்கம், நிறுத்தினால் எரிச்சல். காலையில் பார்த்தால் பாவாடை ஓரத்தில் ரத்தப் புள்ளிகள் இருக்கும்.

அரித்தால் அழுக்கு, அழுக்கென்றால் தேய்த்துக் குளி. எங்கள் வீட்டில் தெரிந்த வைத்தியம் இதுதான். குளிக்க ஒரு சோப்பு, துவைக்க ஒரு சோப்பு என்ற வழக்கமெல்லாம் எங்களிடம் கிடையாது. நீளக் கட்டியாக விற்கும் துணி சோப்பை நூல் போட்டு அறுத்து, ஒரு துண்டு துணிக்கு, ஒரு துண்டு ஆளுக்கு. அதே கட்டியைத்தான் மலைக்கும் கொண்டுபோயிருந்தேன். விறகுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒரு அண்டா வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் காலில் ஊற்றி, சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தேன். ஊற்றும்போது அரிப்பு அப்படியே அடங்கும். அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பங்காகத் திரும்பி வரும். இன்னும் அழுக்குப் போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அண்டாவை அடுப்பில் ஏற்றுவேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது. பத்தே நாளில் கால் இரண்டும் தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி வெடித்து, அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுத்துப் போயின.

"இன்னாமே, எப்பப் பாத்தாலும் சொறிஞ்சிக்கினே கீற?" என்பார் அவர்.

"அரிக்குதுங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்பேன்.

என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆம்பளைக்கு இதெல்லாம் அருவருப்பு போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் தொழுநோய் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார். எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பேரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். பெரிய வியாதி என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்து முடித்ததும், வாத்தியார் வீட்டில் ஒரு டீ குடிக்கலாமென்று அவரோடு வந்தார் அந்த மனிதர். டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஆய்வாளர் கண் என் கணுக்காலில் நின்றது.

"அம்மா கால்ல இன்னா வெளுப்பு? கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்தார். "இது எங்க படுதோ அங்க வெரல வைங்கம்மா."

கணுக்காலில் பட்டது, வைத்தேன். கொஞ்சம் மேலே பட்டது, வைத்தேன். அப்புறம், "சேலைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்றார். புருஷனைத் தவிர ஓர் ஆம்பளை என் கெண்டைக்காலைப் பார்த்ததில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. இறகு பட்டது நன்றாகத் தெரிந்தது, உடம்பே சிலிர்த்தது. ஆனால் விரலை வைத்தால் அந்த ஆள் இன்னும் மேலே தூக்கச் சொல்வாரோ என்று பயம். இது முடிந்து தொலைந்தால் போதும் என்று, "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தரம் தொட்டார். இன்னொரு தரமும் "தெரியலீங்க."

வெளுத்த இடத்தில் தொட்டது தெரியாவிட்டால் பெரிய வியாதி என்று அர்த்தமாம், அது எனக்கு அப்போது தெரியாது. கண்ணைத் திறந்தேன். ஆய்வாளர் முகம் மாறியிருந்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை.

"வூட்ல வேற யாருக்காச்சும் இப்டி இருக்குதா சார்?"

"இல்லீங்க. இவளுக்கு மட்டும்தான்" என்றார் அவர்.

ஆய்வாளர் ஒரு சீட்டில் சந்தேகம் என்று எழுதி, கள்ளக்குறிச்சிக்குப் போய் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் பதறிக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரிஞ்சிதுங்க. வெக்கத்துல தெரியலன்னு சொல்லிட்டேன்."

"இதுல போயி யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?" என்றார்.

"சத்தியமாங்க!"

அவர் நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும், கீழே போய் டாக்டரை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மத்தியானம் பக்கத்து வீட்டம்மா வந்து சொன்னாள்: "கச்சிராயபாளையம் தாண்டி மரத்த வெட்டிப் போட்டுட்டாங்களாம். பஸ்ஸே ஏறலயாம்." ஒருநாள், இரண்டு நாள், நாலு நாள் அவர் வரவில்லை. எந்த ரோட்டில் பட்டினியாக நிற்கிறாரோ, போலீஸ் தடியடியில் மாட்டிக்கொண்டாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆளுக்காக நான் விளக்கேற்றிக் கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் நாள் வாசலில் வந்து நின்றது என் அப்பா. வேட்டி முழங்கால்வரை புழுதி. என்னைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இன்னாப்பா ஆச்சி? அம்மாவுக்கு எதுனா...?"

"மாப்ள வந்து சொன்னாரு பாப்பா. பொண்ண கூட்டிக்கினு பூடுங்கன்னு சொல்லிட்டாரு."

தூக்கிவாரிப் போட்டது. கிளம்பிய அன்றைக்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டி, விழுந்துகிடந்த மரங்களையெல்லாம் ஏறிக் குதித்து, தியாகதுருகம்வரை நடந்தே போய் இதைச் சொல்லியிருக்கிறார். டாக்டரைப் பார்க்கவே இல்லை. சொல்லிவிட்டு நேராக அவர் அம்மா வீட்டுக்கு, நைனார்பாளையத்துக்குப் போய்விட்டார். நான் இங்கே அவர் பட்டினி என்று பட்டினி கிடந்திருக்கிறேன்!

அப்பா கொண்டுவந்த பையைத் திறந்தேன். உள்ளே ஒரு புதுத் தட்டு, ஒரு புது டம்ளர்.

"அம்மா குடுத்தனுப்சிது. ஒனக்குத் தனியா இருக்கட்டும்னு..." அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

புருஷன் கைவிட்டான் என்று கேட்டபோது கோபம்தான் வந்தது. அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் தாங்க முடியவில்லை. பெற்றவள், தன் எச்சில் சோற்றை எனக்கு ஊட்டியவள், எனக்குத் தனித்தட்டு வாங்கியிருக்கிறாள். நான் அழவில்லை, "டாக்டர்கிட்ட போலாம்பா. அப்பறமா எதுல துன்றதுன்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றேன்.

புளி மூட்டை ஏற்றிய லாரியில் மலையிறங்கி, அதற்கப்புறம் நடந்தோம். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "எங்க போறீங்க?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குங்க" என்றார் அப்பா.

"யாருக்கு இன்னா?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் எரிச்சல் தலைக்கேறியிருந்ததே. "எனக்குத்தான். கால்ல அரிப்பு!" என்றேன்.

"அரிப்புக்கா இந்தக் கலாட்டாவுல நடந்து வந்தீங்க?" என்று எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும், மரத்தைத் தாண்ட அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் பார்த்தது ஒரு லேடி டாக்டர். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பஞ்சால் தொட்ட இடத்திலெல்லாம் பட்டுப் பட்டென்று விரலை வைத்தேன், முழங்கால்வரை ஒன்று தப்பவில்லை. நரம்பைத் தடவிப் பார்த்தார், திட்டுகளை வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம், என்ன போட்டுக் குளிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். வெந்நீர், துணி சோப்பு, நார், ஒருநாளைக்கு இரண்டு மூன்று தரம்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, நீ கால் கழுவுறியா, பாத்திரம் வெளக்குறியா?"

குளிருக்குத் தோல் காய்ந்து போகிறதாம். இருக்கிற கொஞ்சம் எண்ணெய்ப்பசையையும் நான் வெந்நீரும் சோப்பும் போட்டுச் சுரண்டி எடுத்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், காலுக்குச் சோப்பு வேண்டாம், நாரைத் தூக்கிப்போடு, துடைத்த ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவு, நகத்தை ஒட்ட வெட்டு என்றார். பெரிய வியாதி இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அப்பாவை உள்ளே கூப்பிட்டு, "அப்டியே இருந்தாலும் இப்ப மாத்திர இருக்குது, கொணமாயிடும். தட்டெல்லாம் பிரிக்காதீங்க" என்று சொல்லியனுப்பினார். அப்பா தலை நிமிரவில்லை.

அப்பா வீட்டிலேயே தங்கி எண்ணெய் தடவிய நாலாம் நாளே அரிப்புப் பாதிக்குமேல் அடங்கிவிட்டது. ரோடு திறந்து பஸ் ஓட ஆரம்பித்தது. அதற்குள் எப்படியோ சேதி போய், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அப்பா நீட்ட, இரண்டு தரம் படித்தார். பெருமூச்சு விட்டார். காலில் விழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏதோ ஒரு வார்த்தை, தப்பாக நினைத்துவிட்டேன் என்றாவது சொல்வார் என்று அடுப்படியில் காத்திருந்தேன். வந்தார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த டாக்டரம்மா இன்னா எண்ணெ தடவச் சொன்னாங்க?"

"தேங்காயெண்ணெ. எனக்குத்தான் கொறஞ்சிட்டுதே, உங்களுக்கு எதுக்கு?"

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். அதே வெடிப்பு. அதே வெள்ளைத் திட்டு. என்னைவிட ஜாஸ்தி.

மலையில் குளிருக்கென்று ராத்திரியும் பேண்ட்டோடு படுத்தது இதற்குத்தானா! "இது எப்பலேர்ந்து?" என்றேன்.

"கார்த்திகையிலேர்ந்தே. ஒனக்கு முன்னாடியே."

"தெரிஞ்சிக்கினேவா அந்தாளுகிட்ட இவளுக்கு மட்டும்தான்னு சொன்னீங்க?"

"வேல இன்னும் பெர்மனென்ட் ஆவல மே. எம்பேரையும் எழுதிட்டா வேல பூடும்னு பயந்துட்டேன்."

என் மேல் அருவருப்பு இல்லை. என்னிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் இல்லை. தனக்கும் அந்த வியாதிதான் என்று முழுசாக நம்பிக்கொண்டு, அதை என் தலையில் வைத்து என்னை வெளியே தள்ளியிருக்கிறார். அடப் பாவி மனுஷா! சந்தேகப்பட்டு அனுப்பினார் என்றிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

பொங்கல் கழித்து மலைக்குத் திரும்பிப் போனேன். போகாமல் என்ன செய்வது, அந்தக் காலத்தில் போகத்தான் முடிந்தது. வேலை நிரந்தரமானது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், கீழே வந்து வீடு கட்டினோம். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் மறுத்ததில்லை. ஆனால் பிரசவ வலி வந்தபோதும் சரி, வயிற்றில் ஆபரேஷன் செய்தபோதும் சரி, எனக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், நர்சிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டால் மட்டும், "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் சொல்லுவேன்.