டிகிரி குறிக்கு அக்கா எழுதிய வழிகாட்டி

அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டதாம். இதை எனக்குச் சொன்னது என் மனைவி. அவளுக்குச் சொன்னது அவளுடைய தோழி. தோழிக்குச் சொன்னது, அக்கா வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தின் நாலாம் கிளையில் ரத்தம் எடுக்கிற பெண். மூன்று வாய் மாறிக் கடல் தாண்டி வந்த செய்தியின் சாரம் இதுதான்: "டிகிரி குறி வேணும்னா டிகிரி குறியையே போடுங்கன்னு பன்னிரண்டு கிளைக்கும் எழுதி அனுப்பியிருக்காங்க. கீழே, கவனமா செய்யுங்கன்னு வேற."

தூரத்தில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி என்றால் உடனே முழுசாக நம்பிவிடத் தோன்றும். அத்தானைக் கூப்பிட்டேன். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், எதற்கும் பதறமாட்டார்.

"மூளைக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ. நாளைக்கு எனக்கு லீவு, அங்கதான் போறேன். நீயும் வீடியோல வா."

அக்கா என் பெரியம்மாவின் மகள். எதையும் விளக்காமல் விடமாட்டாள். அவள் வீட்டில் உப்பு டப்பாமேல் 'உப்பு' என்று எழுதியிருக்கும். பக்கத்துச் சர்க்கரை டப்பாமேல் 'இது உப்பு இல்லை' என்று எழுதியிருக்கும். பதினொரு வருடம் அந்த நிலையத்தின் வரவேற்பு மேசையில் மைக் பிடித்து டோக்கன் எண் கூப்பிட்டாள். வலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டார். "இந்த வேலை யாருக்காவது தெரியுமா?" என்று மேலாளர் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை அவள் தலையில் விழுந்தது.

ஆறு மாதம் சோதனை. தேறினால் இந்த வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி மைக். கற்றுக்கொண்டாள். மாதிரிக் குப்பிகள் அடுக்கும் அறையில் ஒரு மேசை கொடுத்தார்கள். அந்த அறைக்குக் கதவு உண்டு. பதினொரு வருடம் ஊரே எட்டிப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்தவளுக்கு, சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்ததுதான் பெரிசு.

கிளைகள் நோயாளிகளுக்கு எழுதும் பக்கங்களில் டிகிரி குறியை எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால், நிலையத்தின் பழைய மென்பொருள் அதைத் தின்றுவிட்டுக் கேள்விக்குறியைத் துப்பும். 'மாதிரியை 4? குளிரில் வைக்கவும்' என்று வரும். நாலா, இல்லையா என்று அவர்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று நோயாளிகள் சிரித்தார்கள். இதற்கு வழி, குறிக்குப் பதிலாக ° என்று சாதாரண எழுத்துகளால் தட்டுவது. அதைப் பார்த்ததும், பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவி தானே டிகிரியை வரைந்துவிடும். மைக்ரோ குறிக்கு ஒன்று, கூட்டல்கழித்தல் குறிக்கு ஒன்று என்று எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பெயர் இருக்கிறது. அக்கா இவற்றை எல்லாம் தொகுத்து ஒரு வழிகாட்டிப் பக்கம் எழுதினாள். அவள் எழுதும் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. படிக்கிறவர் திரையில் அது எப்படித் தெரியும் என்று பார்க்கவில்லை.

நாலாம் கிளையின் எழுத்தர் கூப்பிட்டார். எந்தப் பேச்சையும் 'ஒரு சந்தேகம்' என்றே தொடங்குவதால் அவருக்குச் சந்தேகம் என்றே பெயர்.

"ஒரு சந்தேகம்மா. டிகிரி வேணும்னா டிகிரியப் போடணுமா?"

"அதுல இருக்கறபடி அப்படியே தட்டுங்க."

"அது என் கீபோர்டுல இருந்தா உங்க பக்கத்தை நான் ஏன் படிக்கிறேன்?"

"ஒழுங்கா படிச்சீங்களா?"

"மூணு தடவ. லைட் எரியணும்னா லைட்ட எரிய விடுங்கன்னு இருக்கு."

அப்போதுதான் அக்கா அந்தப் பக்கத்தை மற்றவர்களைப் போலத் திறந்து பார்த்தாள். தட்டச் சொல்லி எழுதியிருந்த பெயர்களை எல்லாம் உலாவி கடமை தவறாமல் குறிகளாக மாற்றியிருந்தது. இருபத்திரண்டு வரிகள். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் இருந்ததே வலப்பக்கமும் இருந்தது.

அதற்குள் மேலாளர் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பார்த்து, ஒரு கெடுவும் வைத்துவிட்டார். வியாழன் மூன்று மணிக்குக் கிளைத் தலைவர்கள் கூட்டம். பக்கம் சரியாகி, பன்னிரண்டு கிளைகளும் அதைப் பார்த்து ஒரு வரியாவது சரியாகப் போட்டிருந்தால் வேலை அக்காவுக்கு; இல்லாவிட்டால் வெளியாளுக்கு.

வியாழன் இரண்டு மணிக்கு அத்தான் சாப்பாட்டு டப்பாவோடு அந்த அறைக்குப் போனார். கைபேசியில் இருந்த என் முகத்தை அலமாரியில் இரண்டு குப்பிகளுக்கு நடுவே சாத்தி வைத்தார்.

"தம்பியா? பேசாதடா, வேலை இருக்கு."

பெயரின் தலையில் நிற்கும் & குறியையே & என்று எழுதிவிட்டால் உலாவி ஏமாந்து, பெயரை மாற்றாமல் விட்டுவிடும். இருபத்திரண்டு வரிகளையும் அக்கா அப்படி மாற்றினாள். பக்கத்தைத் திறந்தாள். ° என்று எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.

"சரியாயிடுச்சுல்ல? கைய எடு," என்றார் அத்தான்.

"இல்லங்க. நாளைக்கு இவங்கள்ல ஒருத்தர் இதே மாதிரி வழிகாட்டி எழுதணும்னா, நான் எப்படி எழுதினேன்னு தெரிய வேணாமா?"

"எவன் எழுதப் போறான்?"

"எழுதினா?"

அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தாள். அதில் & என்பது தெரிய வேண்டுமானால் &amp; என்று எழுத வேண்டும். அதை விளக்க இன்னொரு குறிப்பு. அந்தக் குறிப்பை எப்படி எழுதினாள் என்பதற்கு ஒன்று. இரண்டே முக்காலுக்கு ஏழு குறிப்புகள் ஆகிவிட்டன. ஏழாவதில் amp, amp, என்று ஒரு ரயிலே ஓடியது.

"அடியே, லிஃப்டுக்குள்ள லிஃப்ட் வச்சுகிட்டே போனா ஆள் எப்பதான் எறங்குறது?"

"அக்கா, கிளைக்காரங்க போடறதுக்கு நேரம் வேணுமே," என்றேன் நான், அலமாரியிலிருந்து.

அவள் எங்கள் இருவரையும் முறைத்தாள். பிறகு ஏழு குறிப்புகளையும் அழித்தாள். சர்க்கரை டப்பாவின் எழுத்தை அழிக்கச் சொன்னாலும் இவ்வளவு வலித்திருக்காது.

பன்னிரண்டு கிளைகளுக்கும் செய்தி போனது: இரண்டு முதல் எட்டு டிகிரி என்று ஒரு வரி போடுங்கள். முதலாம் கிளை போட்டது. ஒன்பது, மூன்று, பதினொன்று. மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பதினொரு பக்கங்களில் அந்தச் சின்ன வட்டம் தெளிவாக உட்கார்ந்திருந்தது. நாலாம் கிளையில் மட்டும் இன்னும் பழைய '2? முதல் 8? வரை'.

"சந்தேகம் என்ன பண்றார்?" என்றார் அத்தான்.

"மூணு தடவ படிச்சுட்டுதான் செய்வார்."

மேசைத் தொலைபேசி அடித்தது. கூட்ட அறையின் எண்.

"எடு."

"இருங்க."

"மேலாளர்டி."

"தெரியுது. பதினொண்ணுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அவள் நாலாம் கிளைப் பக்கத்தை மறுபடி திறந்தாள். கேள்விக்குறி. மறுபடி திறந்தாள். அத்தான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.