மூன்று பேரை டேக் செய்யவும்

எங்கள் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் குக்கர் விழுந்தது. ஏதோ எண்ணெய் கம்பெனி ஆன்லைனில் நடத்திய போட்டியாம். ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார், ஐந்து லிட்டர் குக்கர் வீட்டுக்கே வந்துவிட்டது. மறுநாள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் ஒரு லட்டு தின்றேன், ஆனால் அது எனக்கு இனிக்கவில்லை. என்னைவிட ஆறு வருடம் ஜூனியர். ஒரு கடிதம் டைப் அடிக்க அரை நாள் எடுத்துக்கொள்பவர். அவருக்கு விழும் குக்கர் எனக்கு ஏன் விழக்கூடாது என்று அன்று முழுக்க ஒரு ஃபைலும் ஓடவில்லை.

மாலையில் வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். நல்ல மனுஷி, ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். போட்டிகளுக்கென்று தனி ஈமெயில் வைத்துக்கொள்ள வேண்டும். விதிகளை இரண்டு முறை படிக்க வேண்டும், கடைசி தேதியைப் பார்க்க வேண்டும். பரிசு அனுப்புவதற்குப் பணம் கட்டச் சொன்னால் அது திருட்டுப் போட்டி. தெரியாத ஆள் யார் ரிக்வெஸ்ட் கொடுத்தாலும் யோசிக்காமல் ப்ளாக் செய்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் நான் அப்படியே மனதில் பதிய வைத்துக்கொண்டேன்.

நான் சிதம்பரத்தில் குடியிருந்து கடலூரில் வேலை பார்ப்பவன். பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அதுவரை புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டு முதுநகரில் விழித்துக்கொள்பவனாக இருந்தேன். இப்போது தூக்கம் போய்விட்டது. உட்கார இடம் கிடைத்தால் இரண்டு கையாலும், கிடைக்காவிட்டால் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையாலும் லைக் போட்டேன், ஷேர் செய்தேன், படத்தில் எத்தனை பூனை ஒளிந்திருக்கிறது என்று எண்ணிச் சொன்னேன்.

எழுதும் போட்டிகளில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. இருபத்தெட்டு வருடமாக அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதும் கை இது. ஓர் ஊறுகாய் கம்பெனி, 'எங்கள் ஊறுகாய் உங்களுக்கு ஏன் பிடிக்கும்?' என்று கேட்டிருந்தது. நான் எழுதியது இது: 'பார்வையில் காணும் தங்கள் விளம்பரத்தின்படி, மேற்படி ஊறுகாய் எனது இல்லத்தில் நாளது தேதி வரை தொய்வின்றிப் பயன்படுத்தப்பட்டு வருகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' எதிர் மேசை அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"சார், ஊறுகா கேக்கறீங்களா, இன்கிரிமெண்ட் கேக்கறீங்களா?" என்றார்.

நாலு மாதம் ஒன்றும் விழவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு சாவிக்கொத்து வளையம், கம்பெனி பெயர் போட்டது. அதை மேசையில் வைத்து, என் மனைவி வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

"இதுக்கா தெனம் பஸ்ல அந்த குனி குனியிறீங்க? கழுத்து வலின்னு தைலம் வாங்குனதே இதவிட ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அதில் கேஸ் சிலிண்டர் அலமாரிச் சாவியை மாட்டினாள். நான் அசரவில்லை. வளையம் வந்த இடத்தில் ஒரு நாள் வண்டியே வரும் என்று சொன்னேன்.

அப்படித்தான் அந்தப் போட்டியும் வந்தது. கடலூரில் இருக்கும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை சிதம்பரத்தில் புதுக் கிளை திறந்தது. பக்கத்தை லைக் செய்து, கமெண்ட்டில் மூன்று பேரை டேக் செய்ய வேண்டும். குலுக்கலில் ஜெயிப்பவருக்கு மிக்ஸி. அவர் டேக் செய்த மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ். எனக்கு மச்சான்கள் நாலு பேர். மூன்று பேர் என் மனைவிக்குத் தம்பிகள், எந்நேரமும் போனும் கையுமாக இருப்பவர்கள். மூத்தவர் மட்டும் அவளுக்கு அண்ணன். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் விவசாயம். அவரிடம் இருப்பது பட்டன் போன் என்பது என் நினைப்பு. தம்பிகள் மூவரையும் டேக் செய்தேன். யோசிக்கக்கூட இல்லை.

விழுந்தது. கடைக்காரர் நேரலையில் என் பெயரைப் படித்தபோது பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றிருந்தது. எழுந்து நின்றுவிட்டேன். இறங்குகிறேன் என்று நினைத்து ஓர் ஆள் என் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பரவாயில்லை என்று கடலூர் வரை சிரித்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் பரிசளிப்பு. மச்சான்கள் மூவரும் புதுச் சட்டையில் வந்தார்கள். நான் நடுவில் மிக்ஸியோடு, அவர்கள் இரண்டு பக்கமும் ஹாட் பாக்ஸோடு. கடைக்காரர்கள் போட்டோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டு, 'மாமாவும் மச்சான்களும்' என்று எழுதினார்கள். சிதம்பரமே அதைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

அடுத்த வாரம் என் மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். எங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்து, மூன்று வாரத்தில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். தட்டு மாற்றும்போது பெண் பக்கம் தாய்மாமன் உட்கார வேண்டும், அதிலும் மூத்த மாமன். அவர் போனை எடுக்கவில்லை. அவர் மனைவி எடுத்து, "அவுரு வயல்ல இருக்காரு" என்றார். மறுநாளும் வயலில் இருந்தார். மூன்றாம் நாள் மழை கொட்டியது, அன்றும் வயலில்தான் இருந்தார்.

கடைசித் தம்பிதான் விஷயத்தைச் சொன்னான். "மாமா, பெரியவரு கோவமா இருக்காரு. நம்ம போட்டோவப் பாத்துட்டாராம். நிச்சயத்துக்கு வரலன்னுட்டாரு."

என் மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர். அப்பா இடத்தில் நின்று தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் இந்த அண்ணன்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் முன்பின் மாறினாலே பந்தியில் உட்காராமல் போவார்கள். நான் தம்பிகளுக்கெல்லாம் சீர் மாதிரி ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து, மூத்தவரை விட்டு, அதைப் போட்டோவும் எடுத்து ஊருக்குக் காட்டியிருக்கிறேன்.

"மூணு பேருதான்னு ரூல்ஸ்ல போட்டிருந்தான்" என்றேன்.

"ரூல்ஸ் போட்டவனையே கூட்டியாந்து மணையில உக்கார வைங்க" என்றாள் மனைவி. மிக்ஸியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்று பழைய மிக்ஸியில் ஓங்கி ஓங்கி அரைத்தாள். பெண் அழுதுவிட்டாள். "பெரிய மாமா இல்லாம எனக்கு நிச்சயமே வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது என்னை ரொம்பவே உலுக்கிவிட்டது.

அந்தக் கடைக்கே போய் அதே மாதிரி ஒரு ஹாட் பாக்ஸ் விலைக்கு வாங்கினேன். தம்பிகளுடையதைவிட ஒரு சைஸ் பெரியது. பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வாங்கி, ஒரு தட்டையும் பையில் வைத்துக்கொண்டு ஞாயிறு காலை டவுன் பஸ் ஏறினேன். என் மனைவி கூட வரவில்லை. கெடுத்தவர் போய் சரிசெய்யட்டும் என்று சொல்லிவிட்டாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் வரைவு எழுதிக்கொண்டே போனேன். எல்லாம் 'பார்வையில் காணும்' என்றே ஆரம்பித்தது.

மச்சான் வீட்டில்தான் இருந்தார். "வாங்க மாப்ள" என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, சிரிப்புதான் இல்லை. நாற்காலி போட்டார்கள், மோர் வந்தது. நான் ஹாட் பாக்ஸை எடுத்து நீட்டினேன்.

"உங்களுக்கும் பரிசு உண்டு மச்சான். கடையில குடுத்தனுப்புனாங்க. மூத்தவருக்குப் பெருசா குடுக்கணும்னு அவுங்களே சொன்னாங்க."

அவர் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே பில் இருந்தது. அதை எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"பரிசுக்கு ஜிஎஸ்டி போட்டு பில்லு குடுக்கறாங்களா மாப்ள?"

நான் மோரைக் குடித்தேன். தம்ளரில் மோர் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டிருந்தேன்.

"டப்பாவுக்கா கோச்சிக்குவேன்?" என்றார் அவர். "வூட்ல நாலு கெடக்கு. நான் போன் வாங்குன அன்னிக்கு மொத மொத ஒங்களுக்குத்தான் ரிக்வெஸ்ட் குடுத்தேன். மறுநா பாத்தா ஒங்க பேரே வரல. செல் கடையில காட்டுனேன். ஒங்கள ப்ளாக் பண்ணிட்டாரு அண்ணேன்னு சொல்றான், நாலு பேரு நிக்கறப்ப."

"உங்க பேருல எதுவும் வரலியே மச்சான்."

"வீராணம் விவசாயின்னு இருக்கும். அறுக்கற மெஷினு படம் போட்டு."

ஞாபகம் வந்துவிட்டது. அறுவடை இயந்திரத்தின் படம், நண்பர் என்று ஒருத்தரும் இல்லை, அதற்கு முந்தின நாள்தான் எவனோ எனக்குக் கார் விழுந்திருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டிருந்தான். இதுவும் அந்தக் கூட்டம்தான் என்று ஒரே தட்டில் ப்ளாக் செய்துவிட்டு, என் சாமர்த்தியத்தை எதிர் மேசை அம்மாவிடம் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

அவசரமாகப் போனை எடுத்து ப்ளாக் பட்டியலைத் திறந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். ஒவ்வொன்றாகப் படித்தார். கடன் தருகிறவன், கார் தருகிறவன், ஏதோ வெளிநாட்டு ராணுவ அதிகாரி, அதற்குக் கீழே வீராணம் விவசாயி.

"மிலிட்டரிகாரனுக்கு அடுத்தாப்ல வச்சிருக்கீங்க. நல்ல எடந்தான்" என்றார்.

எடுத்துவிட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தவறான ஆளை எடுத்து மறுபடி போட வேண்டியதாயிற்று. செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது. கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தன் போனை எடுத்தார். ஒற்றை விரலால் வெகுநேரம் தள்ளி, அதே கடையின் அதே போட்டியை எடுத்து என்னிடம் காட்டினார்.

"நானும் போட்டேன்" என்றார்.

கமெண்ட்டுகளுக்கு நடுவே வீராணம் விவசாயியின் கமெண்ட் இருந்தது. டேக் இல்லை, வெறும் எழுத்து. ப்ளாக் செய்துவிட்டதால் என் பெயர் அவருக்கு வந்திருக்காது. கையால் டைப் அடித்திருக்கிறார், ஒன்றன் கீழ் ஒன்றாக:

சிதம்பரம் மாப்ள
சிதம்பரம் மாப்ள
சிதம்பரம் மாப்ள

விதிப்படி அது செல்லாது. ஒரே ஆளை மூன்று தடவை போடக்கூடாது, அதுவும் டேக் செய்யாமல். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. ஆனால், "தம்பிங்க மூணு பேரு இருக்காங்களே மச்சான், அவுங்களப் போட்டிருக்கலாமே?" என்றுதான் கேட்டேன்.

"அவனுங்களுக்கு எதுக்கு?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "வுழுந்தா மூணு டப்பாவும் தங்கச்சி வூட்டுக்கே போவட்டுமேன்னு போட்டேன்."

என் கண் கலங்கிவிட்டது. பஸ் தூசி என்று சொல்ல முடியாத இடம். எழுந்து, ஹாட் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, பழமும் வெற்றிலை பாக்கும் இருந்த தட்டை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நின்றேன். வழியெல்லாம் எழுதிவைத்த வரைவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். எழுந்து தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"தட்டு மாத்தறது எத்தன மணிக்கு மாப்ள?" என்றார்.