மறுமொழிக்குப் பொறுத்திருந்தவர்

முள்ளியவளையில் பஸ் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவர் ஒரு கூலித் தொழிலாளி. வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் வெளிறிய சாரம், மடியில் ஐந்தாறு மாதப் பெண்குழந்தை. நெல்மணிகளைப் போட்டு இறுக்கி மூடிய சின்னத் தண்ணீர்ப் போத்தல்தான் அது ஆட்டி விளையாடும் கிலுக்கட்டி.

"அம்மாச்சி, எருமையைப் பாருங்கோ. அதுக்கு வெயில் சுடாதோ?" என்று யன்னலுக்கு வெளியே காட்டிக் குழந்தையிடம் கேட்டார். கேட்டுவிட்டு அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ங்கா."

"அதுவும் சரிதான். இண்டைக்கும் அப்பாவுக்கு வேலை இல்லை. நாளைக்குக் கிடைக்குமோ?"

குழந்தை போத்தலை ஆட்டியது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "பொறுங்கோ தம்பி, பிள்ளை இன்னும் முடிக்கேல்லை" என்று கையைக் காட்டினார். பிள்ளை முடித்த பிறகுதான் எனக்கு விளக்கம் கிடைத்தது.

"விளையாட்டுச் சாமான் வாங்க வசதியில்லை. கதைக்கக் காசு வேண்டாந்தானே? கேட்டுப்போட்டு மறுமொழிக்குப் பொறுக்கோணும், அப்பதான் மூளை வளருமெண்டு கிளினிக் மிஸ் சொன்னவா."

அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. பஸ் நின்றது. அவரோ எழும்பாமலே, "அம்மாச்சி, இறங்குவமோ?" என்றார். குழந்தை யோசித்தது. சாரதி திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் எல்லோரும் குழந்தையின் வாயையே பார்த்தார்கள்.

"ங்கா."

"பிள்ளை ஓமெண்டிட்டா, இறங்குங்கோ அண்ணை!" என்று கத்தினார் கொண்டக்டர்.

பஸ் புறப்பட்டதும் கொண்டக்டர் என்னிடம் வந்தார். "அண்ணை, நீங்கள் எங்கை?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.