கரவனின் பின்சுவரில் இரண்டு தட்டு

இது நடந்தது. றஞ்சித்துக்குக் கதை கட்ட வராது. கேட்பவர்களுக்குக் காட்ட அவரிடம் கப்பல் டிக்கெட் இருக்கிறது. சினேகிதன் றோபேட் எடுத்த அழைப்பு இன்னும் போனில் கிடக்கிறது: 14:53. பேய் என்றால் இரவில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் நேரத்தை இன்னொருமுறை பார்க்கட்டும். பட்டப்பகல். இத்தாலியில், பலேர்மோ துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரம்.

றஞ்சித் பதினாறு வருடமாக அங்கே வீட்டு வேலை செய்தவர். வியா மக்வேதாவுக்குப் பின்னால் அவர்கள் இருந்த வீட்டை, சுற்றுலாக்காரருக்கு விடப் போகிறேன் என்று வீட்டுக்காரன் காலி செய்யச் சொன்னான். ஆறு மாதம் அலைந்தும் வேறு வீடு இல்லை. அப்போதுதான் கப்பலில் ஓர் இரவு தள்ளி ஜெனோவாவுக்குப் பக்கத்தில், கரவன்கள், அதாவது காரில் கொழுவி இழுக்கும் வீட்டு வண்டிகள், வந்து தங்கும் ஒரு கம்பிங்கில் காவல் வேலை கிடைத்தது. படுக்க இடம் நீயே கொண்டு வா என்றார்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு நிற்காவிட்டால் வேலை அடுத்தவனுக்கு. வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அவரும் மனைவி நிரோசினியும் எட்டு வயது துசானியும் இத்தாலியில் இருப்பது அந்தக் காகிதத்தால்தான்.

அதனால்தான் கரவன் வாங்கினார். வயதான ஓர் இத்தாலிய அம்மாவின், ஒரு சிஞ்ஞோராவின், தோட்டத்தில் வருடக்கணக்காய் நின்றது. உடம்பெல்லாம் மங்கிப் போயிருந்தது. பின்சுவர் மட்டும் வேறு வெள்ளை. பிறகு ஒருநாள் தனியாகப் பெயின்ற் அடித்த மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம் அதைக் காரில் கொழுவும்போது சிஞ்ஞோரா ஒரு பெட்டி கொண்டு வந்தாள். நீளக் கை வைத்த இரண்டு கண்ணாடிகள். காரின் கண்ணாடியில் பூட்டி வெளியே நீட்டி வைப்பவை.

"இது போடாமல் ஒரு மீட்டர் கூட ஓட்டாதே," என்று றஞ்சித்தின் கையைப் பிடித்துச் சொன்னாள்.

கரவனின் முன்பக்கம் வந்தாள். பக்கவாட்டில் வந்தாள். பின்பக்கம் மட்டும் போகவில்லை.

வீட்டடிக்கு வந்து சாமான் ஏற்றி முடிய 13:50. பின்சீற்றில் மூட்டைகளுக்கு நடுவே துசானி போர்வைக்குள் சுருண்டுவிட்டாள்.

"அந்தக் கண்ணாடியைப் பூட்டுங்கோவன்," என்றாள் நிரோசினி.

"திருகாணி இறுகிப் போச்சு. கப்பலடியிலை பூட்டுவம்."

"காரை விடக் கரவன் எவ்வளவு அகலம். உங்கடை கண்ணாடியிலை வெள்ளைச் சுவர்தான் தெரியும்."

"பருத்தித்துறை மினிபஸ் ஓடினவனுக்குக் கண்ணாடி பழக்கிறீரோ? எனக்குத் தட்டுச் சத்தம் காணும்."

"ஓமோம். அங்கை கொண்டக்டர் நிண்டவர். இஞ்சை ஆர் தட்டுறது, உங்கடை சிஞ்ஞோராவோ?"

ஊரில் ஒன்பது வருடம் பஸ் ஓடியபோது றஞ்சித் பின்னால் பார்த்ததே இல்லை. பார்க்கத் தேவையில்லை. கொண்டக்டர் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால், நிப்பாட்டு. இரண்டு தட்டினால், வா. அந்தக் கணக்கு அவருடைய காலில் ஊறியிருந்தது.

14:20. சிவப்பு விளக்கு. ஷிரோக்கோ காற்று அடுப்பு வாய் மாதிரி வீசியது. தெருவில் ஒரு சனம் இல்லை.

டொக்... டொக்.

"என்னப்பா அது?"

"சட்டி உருளுது."

"சட்டியெல்லாம் துவாயிலை சுத்தித்தான் வைச்சனான்," என்றாள் நிரோசினி.

துறைமுக வாசல் 15:30க்குப் பூட்டும். வுச்சீரியாச் சந்தைக்குக் கீழே றோட்டு வெட்டிக் கிடந்தது. போன் காட்டிய ஒழுங்கைக்குள் றஞ்சித் திருப்பினார். எண்பது மீட்டர் போனதும் இரும்புக் கேற். பெரிய பூட்டு. 14:36.

இருவரும் இறங்கி ஓடினார்கள். கேற்றை உலுக்கினார்கள். மேலே கூப்பிட்டார்கள். எல்லா ஜன்னலும் அடைத்திருந்தது. திரும்பி வந்து ஏறினார்கள்.

கார்க் கண்ணாடியில் இரண்டு பக்கமும் கரவனின் வெள்ளைச் சுவர். வேறு ஒன்றுமில்லை.

றஞ்சித் றோபேட்டுக்கு அடித்தார். துறைமுகத்தில் வேலை செய்யும் சினேகிதன்.

"அசையாதை மச்சான். ஸ்கூட்டரிலை அஞ்சு நிமிசம். பின்னாலை நிண்டு தட்டுறன், நீ வா."

காத்திருந்தார்கள். 14:45. 14:46.

டொக்... டொக்.

"வந்திட்டான்," என்றார் றஞ்சித். அவருக்கு அழுகை வரப் பார்த்தது.

ரிவேர்ஸ் போட்டார். கரவன் மெல்லப் பின்னால் போனது. கொஞ்சம் நிறுத்தினார். டொக்... டொக். போனார். நிறுத்தினார். டொக்... டொக். ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. பின்பக்கம் எந்தச் சுவருக்குச் சாய்கிறது என்று தெரியாது. தட்டுகிறவனுக்குத் தெரியும். அது போதும்.

ஏழு தரம். எட்டு. ஒன்பது.

"றோபேட் ஏன் வாயாலை ஒண்டும் சொல்லுறானில்லை?" என்றாள் நிரோசினி.

பத்து.

இப்போது தட்டு வேகமாய் வந்தது. டொக் டொக்.

பதினொன்று.

போன் அடித்தது. 14:53.

"கோவிக்காதை மச்சான். பெற்றோல் முடிஞ்சுது. ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வாறன். இன்னும் பத்து நிமிசம்."

டொக் டொக்.

"அப்ப... இஞ்சை ஆர் தட்டுறது?"

"என்ன?"

றஞ்சித் பிரேக்கை மிதித்தார்.

நிரோசினி பின்சீற்றுக்குத் திரும்பினாள். போர்வையை இழுத்தாள்.

போர்வை மட்டும்தான்.

அந்தப் பக்கக் கதவு... சாத்தாமல் கிடந்தது.

அவர்கள் கேற்றை உலுக்கப் போன நேரம். அப்போதே இறங்கியிருக்கிறாள்.

டொக் டொக். டொக் டொக்.

றஞ்சித் இறங்கினார். அவருடைய பக்கம் கரவனுக்கும் சுவருக்கும் இடையில் ஆள் புகாது. மற்றப் பக்கம் ஓடினார். ஒரு குப்பைத் தொட்டி. ஏறி விழுந்தார். முழங்கால் கிழிந்தது. தெரியவில்லை.

"துசானி..."

எழும்பி எட்டிப் பார்த்தார்.

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

கரவனின் பின்பக்கம், ஒழுங்கைச் சுவரில் மூடிய ஒரு கதவின் கல் படி. அதில் துசானி. முதுகு கதவில் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் தொட்டி, மறுபக்கம் சுவர். அவளுடைய நெஞ்சுக்கும் கரவனுக்கும் இடையில்...

ஒரு சாண்.

கண் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை.

தொட்டிக்கு மேலால் அவளை இழுத்து எடுத்தார்கள். நிழலுக்காக வந்து இருந்தாளாம்.

"நீயோ குஞ்சு தட்டினனீ?"

"இல்லையப்பா. எனக்குக் கை தூக்க ஏலாமல் போச்சு. அந்தப் பெடியன்தான் தட்டினவன்."

"எந்தப் பெடியன்?"

அவள் கரவனின் பின் ஜன்னலைக் காட்டினாள்.

"உள்ளுக்கை நிண்டவன். அழுது அழுது தட்டினவன்."

கரவன் பூட்டியிருந்தது. திறப்பு றஞ்சித்தின் பையில் இருந்தது. திறந்து பார்த்தார். ஜன்னல் வரை மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு பிள்ளை நிற்க அங்கே இடமே இல்லை.

றோபேட் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கண்ணாடிகளைப் பூட்டினார்கள். இறுகிய திருகாணி விரலாலேயே சுழன்றது. நீட்டி வைத்ததும் ஒழுங்கை முழுவதும், கரவனின் பின்மூலை வரை, தெரிந்தது. யாரும் இல்லை. யாரும் தட்டவும் இல்லை. 15:28க்கு வாசல் தாண்டினார்கள். கடைசி வண்டி அவர்களுடையது.

மறுநாள் 10:10. கப்பலில் இருந்து றஞ்சித் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள்தான் கேட்டாள்.

"கண்ணாடி போட்டாயா?"

"பிறகுதான் போட்டேன்," என்றார்.

"எத்தனை தட்டு?"

தட்டுச் சத்தத்தைப் பற்றி அவர் இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை.

"இரண்டு," என்றார்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சொன்னாள். பேரன் பெப்பே. ஆறு வயது. ஓர் ஆகஸ்ட் மத்தியானம். தோட்டத்துக்குள்தானே, கண்ணாடி எதற்கு என்று அவளுடைய கணவர் அப்படியே பின்னுக்கு எடுத்தார். கரவனுக்கும் மதிலுக்கும் இடையில் பெப்பே நின்றான்.

"முதல் தட்டுக்கு அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது தட்டுக்கும் நிறுத்தவில்லை. மூன்றாவது தட்டப் பிள்ளைக்கு நேரம் இருக்கவில்லை."

போன் வைத்த பிறகும் றஞ்சித் அதே இடத்தில் நின்றார். பதினொரு தரம். பதினொரு தரமும் அந்தப் பிள்ளை நிப்பாட்டு, நிப்பாட்டு என்று தட்டியிருக்கிறான். பதினொரு தரமும் அவர் பின்னால் போயிருக்கிறார்.

இப்போது கரவன் ஜெனோவாப் பக்கம் ஒரு பைன் மரத்துக்குக் கீழே நிற்கிறது. சக்கரங்களைக் கழற்றிக் கல்லில் ஏற்றிவிட்டார்கள். விட்டுப் போக வேறு வீடு இல்லை.

சில மத்தியானங்களில், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், பின்சுவரில் கேட்கும். டொக்... டொக். துசானி கொப்பியை மூடிவிட்டுப் போய், விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். சத்தம் அடங்கிவிடும்.

ஒவ்வொரு முறையும், சக்கரமில்லாத அந்த வண்டிக்குள், றஞ்சித்தின் வலது கால் பிரேக்கைத் தேடி நிலத்தை அழுத்தும்.