சூரியனைக் கேட்க டிஷ் கழற்றிய கதை

ஒரகடத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து நட்சத்திரம் பார்க்க முடியாது. சுற்றிலும் கம்பெனி விளக்குகள். ரேடியோ அலைகளைக் கேட்டே வானத்தை ஆராயும் தொலைநோக்கிகள் உண்டு என்று ஏழாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் சொன்னதும் எனக்குப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. தெரியாவிட்டால் போகட்டும், கேட்டுவிடுவது. பள்ளிக் கண்காட்சிக்குச் சூரியனைக் கேட்பதாகப் பெயரும் கொடுத்துவிட்டேன்.

வீடு வீடாக டிவி டிஷ் மாட்டும் மாமா, சிக்னல் கிடைத்தால் கீச்சென்று கத்தும் தன் மீட்டரைக் கொடுத்தார். சாயங்கால சீரியலுக்குள் எங்கள் டிஷ் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. நான் டிஷ்ஷைத் திருப்பும்போது மீட்டரைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த சித்தியை எழுப்பினேன். எனக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவள் அவள்.

வெறும் வானத்தைப் பார்த்தபோது மீட்டர் சும்மா இருந்தது. சூரியன் பக்கம் திருப்பியதும் கத்தியது. குதித்தேன். ஆனால் வெறும் வானத்துக்கே திருப்பிய பிறகும், சித்தி டிஷ்ஷுக்கு எதிரே வந்தபோதெல்லாம் அது கத்தியது. இப்படியொரு கருவியை டீச்சர் எப்படி நம்புவார்? நான் விடுவதாயில்லை. சித்தியின் போனைக் கீழே வைக்கச் சொன்னேன். அப்புறமும் கத்தியது. கொலுசு, வளையல், ஹேர்பின், கழுத்தில் மறந்து தொங்கிய கம்பெனி அட்டை என்று எல்லாவற்றையும் கழற்ற வைத்தேன்.

"கம்பெனி கேட்ல கூட இப்டி செக் பண்ண மாட்டாங்கடி," என்றாள் கொட்டாவியோடு. "இன்னும் இன்னாதான் கீது என்கிட்ட?"

"அதான் தெரில சித்தி. நீ எதிர்ல வந்தாலே கத்துது. கீழ போயேன்."

போனாள். அதன் பிறகு மீட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. கண்காட்சி அட்டையில் 'சூரியனைக் கேளுங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். நேர்மைக்காக அடியில் பொடி எழுத்தில், 'சித்தி எதிரே வந்தால் கருவி தவறு செய்யும்.'

இப்போது எனக்குப் பிழைப்பே, ஏராளமான டிஷ்களை ஒன்றாக இணைத்த தொலைநோக்கியின் பதிவுகளோடுதான். எந்தக் கண்ணுக்கும் தெரியாத குளிர்ந்த வாயு மேகங்கள், இனிமேல் நட்சத்திரம் பிறக்கப்போகிற இடங்கள் எல்லாம் அதில் வந்து விழுகின்றன. துளி சூடு இருந்தால் போதும், எதுவும் ரேடியோ அலையை வெளிவிடும். சூரியனானாலும் சரி, தூக்கம் கெட்டு மாடியில் நிற்கிற மனுஷியானாலும் சரி.

நினைத்தால் சிரிப்பு வருகிறது. கருவி அன்று தவறே செய்யவில்லை. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது சித்தியைத்தான். அவளைத்தான் நான் கீழே அனுப்பினேன்.